சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஓர் ஆப்பிரிக்க ஒத்திகை

போன பங்குனி மாதம், சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாகச் சேத்தியாத்தோப்புப் பக்கம் போனபோது நடந்தது இது. நடந்தது என்று சொல்வதைவிட, நடக்காமல் போனது என்று சொல்வதுதான் சரி. இப்போது இதை எழுதும்போதும் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

கடலூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தாறு. கார் ஓட்ட ஆரம்பித்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். பூகோளம் என்றால் உயிர். ஆப்பிரிக்கா படத்தை, புத்தகத்தைப் பார்க்காமல், சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்காமல் கரும்பலகையில் ஒரே இழுப்பில் போட்டுவிடுவாள் என்று அவளுடைய பழைய மாணவர்கள் கடைக்கு வரும்போது சொல்வார்கள். படம் போட்டது போட்டதுதான், அவள் பார்த்த தூர தேசம் திருப்பதி.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், அதே ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் ஒரு காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறான். இந்த வருஷக் கடைசியோடு அவனுக்கு அங்கே வேலை ஒப்பந்தம் முடிகிறது. அவன்தான் போனில் ஆரம்பித்து வைத்தான். "அக்கா, வர்றதா இருந்தா இந்த ஆகஸ்ட்ல வந்துரு. அப்புறம் நானே இங்க இருக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. முழுக்க மேப். வாடகைக்குக் கார் எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு, எட்டோஷா என்கிற காட்டுக்குள் போவது திட்டம். அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக உப்புப் பூமி, அதன் ஓரத்தில் அங்கங்கே தண்ணீர்க் குட்டை, குட்டைக்கு யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தானாக வரும். நாம் காருக்குள்ளேயே சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்க்கலாம். எந்தக் குட்டையில் எத்தனை மணி நேரம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் எழுதி வைத்தாள். டூர்காரர்களோடு போகலாமே என்றேன். ஒருமுறை அப்படிப் போன இடத்தில், பத்து நிமிஷத்தில் கைதட்டி எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிய ஆளை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. "ஒரு மதியம் பூரா ஒரே குட்டைகிட்ட உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் போறதே" என்றாள்.

மச்சானுக்கு மூன்று நாள்தான் லீவு கிடைக்கும். அதற்குப்பிறகு ஆறு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவளுக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும். ஆக, ஓட்ட வேண்டியது நான். அங்கேதான் சிக்கல் வந்தது.

"அங்க நீங்க ஓட்டறதா இருந்தா நான் வரல."

எனக்கு வந்ததே கோபம்! இருபத்தெட்டு வருஷ சர்வீஸைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று குதித்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க காலு பிரேக்குல இருக்கறதே இல்ல. கைதான் ஹார்ன்ல இருக்கு" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்ல வேண்டி வந்ததால் பேசினேன்.

அவள் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. கம்பெனி கொடுத்த ஹார்ன் போதாது என்று தனியாக ஒன்று வாங்கி மாட்டியவன் நான். எதிரே ஆளோ ஆடோ நின்றால் அடிப்பேன், நகர்வார்கள், போவேன். நகரவில்லை என்றால் "திமிரைப் பாரேன்" என்று இன்னும் அழுத்துவேன். பிரேக்கைத் தொடுவது என்னவோ தோற்றுப்போகிற மாதிரி இருக்கும். ஆனால் மச்சான் அனுப்பிய காட்டு விதிகளில் ஹார்ன் அடிக்கவே கூடாது என்று இருந்தது. ரோட்டில் யானை நின்றால் அது போகிறவரை நாம் நிற்க வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ, அது யானையின் இஷ்டம்.

பதினைந்து நாள் லீவில் மச்சான் சிதம்பரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் பஞ்சாயத்து செய்கிற வேலை அவன் தலையில் விழுந்தது. வாத்தியார் இல்லையா, ஒரு பரீட்சை வைத்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்காமல் வர வேண்டும். வந்துவிட்டால் அக்கா மறுபேச்சு இல்லாமல் டிக்கெட் போடச் சம்மதிக்க வேண்டும். "வந்து காட்டுங்க மாமா, பாக்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பக்கத்து சீட்டில் மனைவி, மடியில் அந்த நோட்டு, கையில் பென்சில். முதுநகரைத் தாண்டுவதற்குள்ளேயே ஹார்னுக்கு ஒன்றாக ஆறு கோடு போட்டுவிட்டாள். ஆலப்பாக்கத்தில் ஒரு மினி பஸ், புதுச்சத்திரத்தில் ஆட்டு மந்தை, அப்புறம் குறுக்கே கட்டில் கட்டிக்கொண்டு போன ஒரு பைக். ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்லிக்கொண்டே வந்தேன். சிதம்பரத்தில் மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மொத்தம் நாற்பத்து மூன்று.

மச்சான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமா இது? நாப்பத்தி மூணு வாட்டி யானைய வா வான்னு கூப்ட்டிருக்கீங்க!"

மனைவி சிரிக்கவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்தாள். "வுட்றா. நமக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் அப்படி அடங்கிப் போனது எனக்கு என்னவோ செய்துவிட்டது. வருஷக்கணக்காகப் படமாகப் போட்டுக்கொண்டிருந்த தேசம், என் ஒரு கையால் கெட்டது.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காரை எடுத்துக்கொண்டு மேலவீதிப் பக்கம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. ஹார்ன் பியூஸைப் பிடுங்கிவிடச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹார்ன் வேலை செய்யலன்னுதான் சார் வருவாங்க. வேலை செய்ற ஹார்னை நிறுத்துன்னு வந்தது நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கையில் கொடுத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது தப்பான வேலை, ஹார்ன் இல்லாமல் ரோட்டில் வண்டி ஓட்டுவது ஆபத்து. ரோஷத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

சாப்பாடு முடிந்ததும் மச்சானே இன்னொரு வாய்ப்பு கொடுத்தான். நமீபியாவில் பாதி ரோடு ஜல்லி ரோடுதான். புவனகிரி தாண்டி ஒரு கிராமத்து ரோட்டில் புதிதாக ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், அதில் ஓட்டிப் பார்க்கலாம், அப்படியே சேத்தியாத்தோப்பு போய்த் திரும்பலாம் என்றான். மனைவி அரை மனசோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நோட்டை எடுக்கவே இல்லை. பியூஸ் விஷயத்தை நான் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவைகூட அடிக்காமல் ஓட்டி முடித்துவிட்டு, அப்புறம் பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டலாம் என்று ஒரு சின்னப்பிள்ளைத்தனமான ஆசை.

ஜல்லியில் நன்றாகவே ஓட்டினேன். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, சடக்கென்று திருப்பாமல் மெதுவாகப் போகச் சொன்னான் மச்சான். அப்படியே செய்தேன். "பரவால்லியே மாமா" என்றான். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? ஜல்லி முடிந்து தார் ரோடு வந்ததும் பழைய வேகம் தானாக வந்துவிட்டது. அறுபதைத் தொட்டிருக்கும்.

ஒரு புளியமரத்து வளைவு. திரும்பினால் ரோடு முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவார்கள். பங்குனியில் செடியோடு பிடுங்கி ரோட்டில் காயப்போட்டு விடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறினால் காய் வெடித்து உளுந்து தனியாக வந்துவிடும். வண்டிக்காரர்களுக்கும் இது பழக்கம். ஹார்ன் அடித்துக்கொண்டே மேலே ஏற்றிவிட்டுப் போய்விடுவோம். செடியைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் சத்தம் கேட்டு ஓரம் போவார்கள். எத்தனை வருஷமாக நடப்பது!

நடு ரோட்டில் ஒரு அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீளக் குச்சியால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் கை எப்போதும் போல ஹார்னை அழுத்தியது.

சத்தம் வரவில்லை.

பியூஸ் சட்டைப்பையில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தேன். காய்ந்த செடியின் மேல் டயர் பிடிக்காமல் கார் வழுக்கிக்கொண்டே போனது. மனைவி "ஐயோ" என்று டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றினாள். பின்சீட்டில் மச்சானின் மூக்குக்கண்ணாடி எகிறி என் தோளில் பட்டு விழுந்தது. கார் நின்றது. பம்பருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். ஒன்றரை முழம் என்று மச்சான் சொல்கிறான். எனக்குத் தெரிந்தது ஒரு முழம்தான்.

அந்த அம்மா திரும்பவே இல்லை. நாங்கள் வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. குச்சியால் புரட்டிக்கொண்டே இருந்தார்.

வயல் பக்கத்திலிருந்து ஒருவர் தலைத்துண்டை வீசிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா திரும்பினார். காரைப் பார்த்தார். கொஞ்சமும் பயப்படவில்லை. நான் மரியாதைக்காக நிறுத்திக் காத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போய் நின்று, ஏத்து ஏத்து என்று கையைக் காட்டினார்.

ஓடி வந்தவர் அவருடைய வீட்டுக்காரர். மூச்சு வாங்கியது அவருக்கு. "அதுக்குக் காது கேக்காதுங்க. சுத்தமா கேக்காது. நாந்தான் அந்தாண்ட நின்னு வண்டி வந்தா சாடை காட்டுவேன். தண்ணி குடிக்க மோட்டார் கொட்டாய்க்குப் போனேன், அதுக்குள்ள..." என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வர்றவன்லாம் ஹார்ன் அடிச்சிக்கினே மேல வந்துடுவான் சார். நீங்கதான் சத்தம் போடாம நின்னீங்க. புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும் நீங்க."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஹார்ன் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வழக்கம் போல நகர்ந்துவிடுவார் என்று நம்பி வேகத்தைக் குறைத்திருக்க மாட்டேன். நகரவில்லை என்று தெரிந்து இரண்டாவது தடவை அழுத்துவேன். மூன்றாவது தடவைக்கு நேரமே இருந்திருக்காது. இருபத்தெட்டு வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டினேன் என்று பீற்றிக்கொண்டேனே, அதில் என் சாமர்த்தியம் என்ன இருந்தது? எதிரே வந்தவர்களுக்கெல்லாம் காது கேட்டது, விலகிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கதவைத் திறந்து இறங்கினேன். அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரின் கும்பிடை வாங்கிக்கொண்டு போக மனசு வரவில்லை. "ஐயா, நான் பாத்து நிறுத்தல. ஹார்ன அழுத்தினேன், அது அடிக்கல. அதனாலதான் நின்னேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் பதறிப்போனார். "அடக் கடவுளே! ஹார்ன் இல்லாம வண்டி ஓட்டாதீங்க சார், ரொம்ப ஆபத்து. மொதல்ல அத்த சரி பண்ணுங்க" என்று எனக்கே புத்தி சொன்னார்.

காருக்குள்ளிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. நான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வெயிலில் மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்தார். புளியமரத்தடியில் இருந்த பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை தன் புடவைத் தலைப்பால் என் முகத்துக்கு விசிறிக்கொண்டே நின்றார். யாரை ஏற்றிக் கொன்றிருப்பேனோ அவர் கையால் தண்ணீர் குடித்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மச்சானும் நானும் சேர்ந்து வேலியோரம் கிடந்த முள் கொப்புகளை இழுத்துவந்து, வளைவுக்கு முன்னாலேயே ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ரோட்டில் பாதியை அடைத்துப் போட்டோம். மனைவி தன் பையிலிருந்த சிவப்புத் துண்டை ஒரு கொப்பில் கட்டினாள். யாராவது புரட்டும்போது அடைப்பை எடுக்கக் கூடாது என்று அந்தப் பெரியவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். டீச்சர் குரல் கேட்டதும் அவரும் "சரிங்கம்மா" என்றார்.

நான் ஓட்டட்டுமா மாமா என்று மச்சான் கேட்டான். சாவியை நீட்டினேன். மனைவி நடுவில் புகுந்து, "அவுரே ஓட்டட்டும்" என்றாள். எல்லாரும் ஓரம் போய் நின்றதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, நடக்கிற வேகத்தில் உளுந்தின் மேல் ஏற்றினேன். டயருக்கு அடியில் காய்கள் படபடவென்று வெடித்தன. கண்ணாடியில் பார்த்தபோது அந்த அம்மா குனிந்து செடியை உதறிக்கொண்டிருந்தார். உயிரோடு, முழுசாக, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. குலதெய்வத்தை அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி என்றைக்கும் கூப்பிட்டதில்லை.

சேத்தியாத்தோப்பில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைப் பிடுங்கிய கதையையெல்லாம் சொன்னேன். "அங்க என்னால முடியாதும்மா. பயமா இருக்கு. மச்சானுக்கு லீவு இருக்கற மூணு நாள் மட்டும் போயிட்டு வந்துரலாம். இல்லன்னா அங்கயே ஒரு டிரைவர் வெச்சிக்கலாம்" என்றேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் 'பயமா இருக்கு' என்று அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். நானும் மச்சானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளாஸை வைத்துவிட்டு, "பயமே இல்லாதவரு பக்கத்துல உக்காந்துதான் இத்தினி வருஷமா எனக்குப் பயமா இருந்துது. இப்ப வரேன். டிக்கெட்டப் போடுறா" என்றாள், தம்பியைப் பார்த்து. மச்சான் அங்கேயே போனை எடுத்தான்.

சிதம்பரம் திரும்பியதும் முதல் வேலையாக அந்த எலக்ட்ரிக் கடைக்குப் போய்ப் பியூஸைத் திரும்ப மாட்டினேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட் எடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் கிளம்புகிறோம். மேஜைமேல் இப்போதும் மேப்தான் கிடக்கிறது, தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். நடுவில் ஒரு நாள் அந்த வளைவுப் பக்கம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உளுந்தெல்லாம் அள்ளி ரோடு சுத்தமாக இருந்தது. அந்த அம்மா மரத்தடியில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, மயக்கம் தெளிந்துவிட்டதா என்று கையாலேயே கேட்டார். தெளிந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

முன்பெல்லாம் வழியில் யாராவது நகராமல் நின்றால் முதலில் என் வாயில் வருகிற வார்த்தை 'திமிரு' என்பதுதான். ரோட்டில் மட்டும் இல்லை, கடையில் வேலை செய்பவர்களிடமும் வீட்டிலும் அப்படித்தான். இப்போது யாராவது நான் சொன்னதற்கு அசையாமல் நின்றால், 'ஒருவேளை கேக்கலையோ' என்றுதான் முதலில் தோன்றுகிறது. அப்படித் தோன்றிய அந்த நொடியில் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது.